கழுத்து மட்டும் இளகினா போதும்

மெட்டீரியல்ஸ் லேப் வைவாவுல எக்ஸ்டர்னல் என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான். "ஒரு பித்தளைத் துண்டை நல்லா சூடாக்கி உடனே தண்ணியில போடுறீங்க. என்ன ஆகும்?" நான் யோசிக்கவே இல்லை. "ஹார்ட் ஆகும் சார்"னு சொல்லிட்டேன். அவர் சிரிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவனும் அதையேதான் சொன்னான். க்வென்ச்சிங்னாலே ஹார்டனிங்னு நம்ம மண்டையில ஏறிப்போச்சு. சிலபஸ்ல பாதி ஸ்டீல்தானே.

ஸ்டீல் ஹார்ட் ஆகுறதுக்குக் காரணம் தண்ணி இல்லை, உள்ளே நடக்கிற ஃபேஸ் மாற்றம். ஆஸ்டினைட் மெதுவா குளிர நேரம் கிடைக்காம மார்ட்டென்சைட்டா மாறுது. 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் உள்ள பித்தளையில அந்தக் கதையே கிடையாது. செம்பு-துத்தநாக ஃபேஸ் டயகிராமை எடுத்து 30 சதவீதத்துல ஒரு செங்குத்துக் கோடு போட்டுப் பாருங்க. அறை வெப்பநிலையில இருந்து உருக ஆரம்பிக்கிற 915 டிகிரி வரைக்கும் ஆல்ஃபா, ஆல்ஃபா, ஆல்ஃபாதான். மாறுறதுக்கு வேற ஃபேஸே இல்லாதப்ப வேகமா குளிர வெச்சா என்ன, மெதுவா குளிர வெச்சா என்ன?

அப்போ பித்தளை எப்படித்தான் கடினமாகும்? அடிச்சா, வளைச்சா, இழுத்தா. கோல்டு வொர்க்கிங். டிஸ்லொகேஷன்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிட்டு நகர முடியாம நிக்கும். நல்லா அனீல் பண்ணின 70/30 பித்தளையோட விக்கர்ஸ் ஹார்ட்னஸ் 60-70 இருக்கும். அதையே குளிர்ந்த நிலையில நல்லா உருட்டி எடுத்தா 180-ஐத் தாண்டும். திரும்ப இளக வைக்க சூடாக்கித்தான் ஆகணும். அப்போ பழைய கிரெயின்கள் இருந்த இடத்துல சிக்கல் இல்லாத புதுக் கிரெயின்கள் முளைக்கும். இதுதான் ரீகிரிஸ்டலைசேஷன். இவ்வளவும் புத்தகத்துலயே இருக்கு. எனக்கு இது உண்மையிலயே புரிஞ்சது ஒரு தோட்டாக் கூட்டோட கதையைப் படிச்ச பிறகுதான்.

இந்த 70/30 கலவைக்குப் பேரே கார்ட்ரிட்ஜ் பித்தளை. ஒரு ரைஃபிள் தோட்டாவுல நாலு பாகம்: முன்னாடி குண்டு, உள்ளே மருந்து, அடியில தீ மூட்டுற ப்ரைமர், இது மூணையும் பிடிச்சு வெச்சிருக்கிற பித்தளைக் கூடு. சுட்ட பிறகு மிச்சமிருக்கிறது கூடு மட்டும்தான். அமெரிக்காவுல குறிபார்த்துச் சுடுற போட்டிக்காரங்களும் வேட்டைக்காரங்களும் அந்தக் காலிக் கூட்டை எடுத்து, புது ப்ரைமர், மருந்து, குண்டு போட்டு வீட்டுப் பட்டறையிலயே திரும்ப நிரப்புவாங்க. ரீலோடிங்னு பேர். அங்கே அது சட்டப்படி நடக்கிற சாதாரண பொழுதுபோக்கு.

சுடும்போது கூட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் அனுமதிக்கிற உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 427 மெகா பாஸ்கல். அந்த அழுத்தத்துல கூடு விரிஞ்சு, துப்பாக்கி அறையோட சுவர்ல ஒட்டி, வாயு பின்னாடி வராம அடைச்சுக்கும். அழுத்தம் இறங்கினதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வரும். திரும்ப நிரப்புறதுக்கு முன்னாடி அதை டையில விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வரணும். ஒவ்வொரு சுற்றுலயும் அதிகமா விரிஞ்சு சுருங்குறது, குண்டைப் பிடிச்சிருக்கிற கழுத்துதான். விரி, சுருக்கு, விரி, சுருக்கு. சுத்தமான கோல்டு வொர்க். சில சுற்றுக்கு அப்புறம் கழுத்து நெடுக்குவாட்டுல பிளக்கும். அதனால சில சுற்றுக்கு ஒரு தடவை கழுத்தை மட்டும் அனீல் பண்றாங்க.

"மட்டும்"ங்கிற வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. கழுத்து இளகணும், ஆனா அடிப்பாகம் கடினமாவே இருக்கணும். ப்ரைமரை இறுக்கிப் பிடிச்சிருக்கிறது அடிப்பாகம்தான். அதோட ஒரு பகுதிக்கு அறைச் சுவரோட ஆதரவு முழுசா இருக்காது, அழுத்தத்தைத் தன் சொந்த பலத்துலதான் தாங்கணும். அது இளகிப்போனா ப்ரைமர் குழி விரியும், மோசமான நிலையில அடியே கிழியும். அந்தச் சூடான வாயு வந்து சேர்ற இடம் சுடுறவரோட முகம். கழுத்து பிளந்தா ஒரு கூடு வீண், அவ்வளவுதான். அடிப்பாகம் இளகினா ஒருத்தரோட கண் போகலாம். தொழிற்சாலையிலயும் இதே கணக்குதான். ராணுவ ரைஃபிள் தோட்டாவோட கழுத்துலயும் தோள்லயும் ஒரு நீலம் கலந்த பழுப்புக் கறை தெரியும். அது அழுக்கு இல்லை, அனீல் பண்ணின தடம்.

இப்ப ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல படிச்சதை வெளியே எடுங்க. இந்தப் பித்தளையோட வெப்பக் கடத்துத்திறன் 120 வாட்/மீட்டர்-கெல்வின். அடர்த்தி 8530, தன் வெப்பம் சுமார் 375. வகுத்தா தெர்மல் டிஃப்யூசிவிட்டி சுமார் 3.75×10⁻⁵ மீ²/வி. கழுத்துல இருந்து அடிப்பாகத்துக்கு 30 மில்லிமீட்டர்னு வெச்சுக்கிட்டு, நீளத்தோட வர்க்கத்தை இதால வகுங்க. 24 வினாடி. இது துல்லியமான விடை இல்லை, தோராய அளவுதான். ஆனா விஷயம் தெளிவு: கழுத்துல தீயைக் காட்டிட்டு அரை நிமிஷம் சும்மா நின்னா அடியும் சூடாகிடும். அதுக்குள்ள வேலையை முடிக்கணும்.

வீட்டுல பண்றவங்களோட பழைய முறை இப்ப புரியும். ப்ரைமர் கழட்டின காலிக் கூடுகளை ஒரு தட்டுல நிறுத்தி, பாதி உயரத்துக்குத் தண்ணி ஊத்துவாங்க. கழுத்துல டார்ச் தீயைக் காட்டி, எல்லாப் பக்கமும் சமமா பட்டதும் கூட்டைத் தண்ணிக்குள்ள சாய்ச்சு விடுவாங்க. தண்ணி ஹார்ட் ஆக்கவும் இல்லை, சாஃப்ட் ஆக்கவும் இல்லை. அடிக்குச் சூடு இறங்காம தடுக்குது, அவ்வளவுதான். எக்ஸ்டர்னல் சிரிச்சதுக்கு அர்த்தம் எனக்கு இந்த இடத்துலதான் விளங்குச்சு.

சரி, எவ்வளவு சூடு? "சிவக்கிற வரைக்கும்"னு சொல்ற அறிவுரைதான் ரொம்ப ஆபத்தானது. எந்தத் திடப்பொருளும் கண்ணுக்குத் தெரியிற மாதிரி மங்கலா ஒளிர ஆரம்பிக்கிறது சுமார் 525 டிகிரியில. ட்ரேப்பர் புள்ளின்னு சொல்வாங்க. ஆனா அது இருட்டுலதான் தெரியும். மத்தியான வெயில்ல நின்னுக்கிட்டு சிவப்புத் தெரியட்டும்னு காத்திருந்தா, அதுக்குள்ள பித்தளை எங்கேயோ போயிருக்கும். கிரெயின் பெருத்து, மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு ஆகி, கழுத்துக்குக் குண்டைப் பிடிக்கிற பலமே இருக்காது. இன்னும் ஏத்தினா துத்தநாகம் வெளியேற ஆரம்பிக்கும். அதோட கொதிநிலை 907 டிகிரி, பித்தளை உருக ஆரம்பிக்கிறதுக்கும் முன்னாடி. வெள்ளைப் புகை கிளம்பினா அது துத்தநாக ஆக்சைடு. அதைச் சுவாசிச்சா சில மணி நேரத்துல குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டர்களுக்கு நல்லாப் பழக்கமான மெட்டல் ஃபியூம் ஃபீவர் அதுதான்.

வெப்பநிலையை மட்டும் சொல்றதும் பாதி உண்மைதான். ரீகிரிஸ்டலைசேஷன் நேரத்தையும் பொறுத்தது. உலையில ஒரு மணி நேரம் வெச்சா 400 டிகிரி தாராளம். தீயில சில வினாடிதான்னா 500-ஐத் தாண்டணும். அதனாலதான் கவனமா செய்யிறவங்க கண்ணை நம்புறதில்லை. குறிப்பிட்ட வெப்பநிலையில உருகுற பெயிண்டைத் தடவி, ஸ்டாப் வாட்ச் வெச்சு நேரத்தைப் பிடிப்பாங்க. தோளுக்குக் கீழே 230 டிகிரி பெயிண்டுல ஒரு கோடு போட்டு, அது உருகாம இருக்கான்னும் பார்ப்பாங்க. உருகிட்டா அந்தக் கூடு நேரா குப்பைக்கு. சிலர் நைட்ரேட் உப்பை 500 டிகிரிக்கு மேல உருக்கி அதுல கழுத்தை முக்குவாங்க. கூட்டுல ஒரு சொட்டு ஈரம் இருந்தா போதும், நீராவி அந்த உருகின உப்பை அப்படியே மேல வாரி இறைக்கும். எனக்கு அந்த முறை சுத்தமா பிடிக்கலை.

அனீலிங் பத்தி இன்னொரு கதையும் இருக்கு. அது நடந்தது நம்ம நாட்டுலயே. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்கே இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தோட தோட்டாக் கூடுகள், யாரும் தொடாம சும்மா கிடந்தபடியே பிளந்துபோச்சு. மழைக்காலத்துல லாயங்கள்ல வெச்சிருந்ததுதான் அதிகமா போச்சு. பருவத்தோட சேர்ந்து வந்ததால சீசன் கிராக்கிங்னு பேர் வெச்சாங்க. சரியான விளக்கம் 1921-லதான் வந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் கண்டுபிடிச்சாங்க. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியா ஒரு பக்கம், கூட்டை இழுத்துச் செஞ்சப்ப உள்ளேயே தங்கிப்போன இழுவிசை இன்னொரு பக்கம். ரெண்டும் சேர்ந்தாதான் பிளக்கும், ஒண்ணு மட்டும் இருந்தா பிளக்காது. லாயத்தை மாத்துறது கஷ்டம், ஆனா உள்ளே இருக்கிற அழுத்தத்தை எடுத்துடலாம். சுமார் 260 டிகிரியில ஒரு மணி நேரம் வெச்சா போதும், ஹார்ட்னஸ் பெருசா குறையாமலே அந்த அழுத்தம் போயிடும். ஸ்ட்ரெஸ் ரிலீஃப் அனீலிங்கும் ரீகிரிஸ்டலைசேஷன் அனீலிங்கும் வேறன்னு பரீட்சையில ரெண்டு மார்க்குக்குக் கேட்பாங்களே, அந்த வித்தியாசம் இதுதான். பித்தளைச் சாமானை அம்மோனியா கலந்த க்ளீனர்ல ஊறப்போடாதீங்கன்னு சொல்றதும் இதனாலதான்.

இதைப் படிச்சுட்டு யாரும் காலிக் கூடு தேடிப் போக வேண்டாம். லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். என்சிசி ஃபயரிங்குக்குப் போனவங்களுக்குத் தெரியும், சுட்ட கூட்டைக்கூட எண்ணி வாங்கிட்டுத்தான் அனுப்புவாங்க. நமக்கு வேண்டியது மெட்டலர்ஜிதான். அதுக்கு ஹார்டுவேர் கடையில ஒரு மில்லிமீட்டர் பித்தளைத் தகடு போதும்.

விரல் அகலத்துல மூணு பட்டை வெட்டிக்கோங்க. ஓரத்தை அரம் போட்டு மழுக்கிடுங்க, கையைக் கிழிக்கும். மூணையும் சுத்தியலால ஒரே மாதிரி தட்டித் தட்டி விறைப்பாக்குங்க. ஒண்ணை அப்படியே வெச்சுடுங்க. மத்த ரெண்டையும் ஒர்க்‌ஷாப்புல, காத்தோட்டமான இடத்துல, விளக்கைக் குறைச்சுட்டு, நீளமான இடுக்கியில பிடிச்சு டார்ச்சுல காட்டுங்க. ஹாஸ்டல் ரூம்ல வேண்டவே வேண்டாம். நைலான் சட்டை போடாதீங்க, கண்ணாடி போடுங்க. மங்கலா சிவப்புத் தெரிஞ்ச நொடியே தீயை எடுத்துடுங்க. ஒண்ணை செங்கல் மேல வெச்சுத் தானா ஆற விடுங்க, இன்னொண்ணை எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணியில போடுங்க. செங்கல் மேல இருக்கிறதைப் பத்து நிமிஷத்துக்குத் தொடாதீங்க. சூடான பித்தளையும் ஆறின பித்தளையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், என் ஆள்காட்டி விரல் சாட்சி.

அப்புறம் மூணையும் ஒண்ணொண்ணா வளைச்சுப் பாருங்க. சூடு காட்டாத பட்டை முரண்டு பிடிக்கும். மத்த ரெண்டையும் கண்ணை மூடிக்கிட்டு வளைங்க, எது தண்ணியில விழுந்ததுன்னு உங்க கையால சொல்ல முடியுதான்னு பாருங்க.