தாய்க்காக ஒரு முடிவு

பேச்சு நின்று பல ஆண்டுகளான அண்ணனும் தங்கையும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சந்திக்கின்றனர். நினைவிழந்த தாய்க்குச் செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று மருத்துவர் வினவுகிறார். தொடர வேண்டும் என்கிறான் அண்ணன். கூடாது என்கிறாள் தங்கை. அங்கே பேசுவது தாயின் நலமா, பழைய பாகப்பிரிவினையா?

மகாபாரத வனபர்வத்தில், மாண்டு கிடந்த தம்பியருள் ஒருவனை மட்டும் எழுப்பித் தருவதாக யட்சன் கூறுகிறான். யுதிஷ்டிரர் பீமனையோ அர்ஜுனனையோ கேட்கவில்லை, நகுலனைக் கேட்டார். குந்திக்குத் தாம் ஒரு மகன் இருக்கையில், மாத்ரிக்கும் ஒரு மகன் வேண்டும் என்றார். மாத்ரியோ எப்போதோ மறைந்தவள். பேச இயலாத ஒரு தாயின் பக்கம் நின்று அவர் முடிவெடுத்தார்.

‘என் விருப்பம் என்ன?’ என்பதை விடுத்து, ‘அம்மா பேசினால் என்ன சொல்வாள்?’ என்று கேட்பதே இங்கு சாதனை. விடை ஒருவரிடமே முழுமையாக இராது. உடனிருந்து பணிவிடை செய்தவர் அறிந்தது ஒன்று. தொலைவில் வாழ்பவர் முன்பு கேட்டது வேறொன்று. (பிணக்கு தீர்ந்த பின்பே பேச வேண்டும் என்பதில்லை, அதற்கு நேரமும் இராது.)

உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் கையொப்பமிட்டால் போதும். அத்தகைய ஆவணம் இல்லாதபோது மருத்துவக் குழுக்களின் கருத்தோடு நெருங்கிய உறவினரின் இசைவும் தேவை.

ஆகவே இருவரும் தாயின் இருபுறமும் அமர்ந்து, அவள் வாயால் கேட்டவற்றை மட்டும் ஒருவர் மாற்றி ஒருவர் கூறட்டும். வீட்டைப் பற்றிய பேச்சு வாசலுக்கு வெளியே காத்திருக்கட்டும்.