கற்றல் நோக்கம் எழுதும் முறை



நம் குடும்பங்களில் ஆசிரியப் பணி புரிவோர் பலர் உளர். பணியில் இருப்போரும், ஓய்வு பெற்றோரும், கல்வியியல் பட்டப்படிப்பில் இப்பொழுது பயில்வோருமாகப் பலரை நாம் அறிவோம். அவர்கள் எல்லோரும் எழுதியதும் எழுதுவதும் பாடக்குறிப்பு. அதன் தொடக்கத்தில் இடம்பெறுவது ‘நோக்கம்’ என்னும் பகுதி. முதலில் எழுதப்படுவது அதுவே. ஆயினும் மிகக் குறைவாகச் சிந்திக்கப்படுவதும் அதுவே. சென்ற ஆண்டுக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவதும், தலைமை ஆசிரியரின் கையொப்பத்திற்காக நிரப்புவதும் பலரிடம் பழக்கமாகி விட்டன. அப்பகுதியை எவ்வாறு எழுதுதல் வேண்டும், அவ்வாறு எழுதுவதால் மாணவர்க்கு விளையும் நன்மை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

என் பிழை ஒன்று

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான்காம் வகுப்பிற்குப் பின்னங்கள் பாடம் நடத்தினேன். ‘மாணவர்கள் பின்னங்களைப் பற்றி நன்கு அறிந்துகொள்வர்’ என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தேன். கரும்பலகையில் வட்டங்கள் வரைந்து, பங்குகளுக்கு வண்ணம் தீட்டி, தொகுதி, பகுதி என்னும் சொற்களை விளக்கினேன். முடிவில் ‘புரிந்ததா?’ என்று கேட்டேன். ‘புரிந்தது ஐயா’ என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை கூறிற்று. மணி அடித்தது. மனநிறைவோடு வெளியே வந்தேன்.

சில நாள்கள் கழித்து ஒரு சிறு தேர்வு வைத்தேன். 1/3, 1/4 ஆகிய இரண்டனுள் பெரியது எது என்பது ஒரு வினா. வகுப்பில் பெரும்பாலோர் 1/4 என்றே எழுதியிருந்தனர். மூன்றினும் நான்கு பெரிது. ஆதலால் 1/3 ஐவிட 1/4 பெரிது என்பது அவர்களுடைய எண்ணம். ‘புரிந்தது’ என்று உரக்கச் சொன்ன ஒரு மாணவியும் அவ்வாறே எழுதியிருந்தாள். அவளை அருகில் அழைத்து, ‘ஒரு வெல்லக் கட்டியை மூன்று பேர் சமமாகப் பங்கிட்டால் உனக்கு மிகுதியாகக் கிடைக்குமா, நான்கு பேர் பங்கிட்டால் மிகுதியாகக் கிடைக்குமா?’ என்று கேட்டேன். ‘மூன்று பேர் என்றால்தான் ஐயா’ என்று தயக்கமின்றிக் கூறினாள்.

அப்பொழுதுதான் என் குறை எனக்கு விளங்கிற்று. அவளுக்கு அறிவு இல்லாமல் இல்லை. வீட்டில் அறிந்ததை ஏட்டுக் கணக்கோடு இணைத்துப் பார்க்கும் வாய்ப்பை நான் அவளுக்கு அளிக்கவில்லை. அளித்தல் வேண்டும் என்னும் குறிப்பே என் ஏட்டில் இல்லை. ‘நன்கு அறிந்துகொள்வர்’ என்று எழுதினேனே தவிர, எதை அறிவர், அறிந்தனர் என்பதை நான் எதனால் அறிவேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அத்தேர்வு வைக்காதிருந்தால் அப்பிழை அவளோடு ஐந்தாம் வகுப்பிற்கும் ஆறாம் வகுப்பிற்கும் சென்றிருக்கும். கணக்கு தனக்கு வராது என்று அவளே முடிவு செய்திருக்கவும் கூடும்.

நோக்கம் என்பது யாது?

கற்றல் நோக்கம் என்பது, பாடம் முடிந்தபின் மாணவர் எதனைச் செய்ய வல்லவர் ஆவார் என்பதை முன்கூட்டியே கூறும் வாக்கியமாகும். ஆசிரியர் செய்யப்போவது நோக்கம் அன்று. ‘பின்னங்களை விளக்குதல்’ என்பது ஆசிரியரின் வேலை. ‘பெரிய பின்னத்தைக் கண்டறிந்து காரணம் கூறுவர்’ என்பது மாணவரின் திறன். முன்னது நிறைவேறியும் பின்னது நிறைவேறாமல் போகலாம். எனக்கு நேர்ந்தது அதுவே.

இக்கருத்து கல்வி உலகில் படிப்படியாகத் தெளிவு பெற்றது. அமெரிக்கக் கல்வியறிஞர் ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட நூலில், கல்வியின் நோக்கங்கள் யாவை, அவற்றை அடையத் தக்க அனுபவங்கள் யாவை, அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது என்னும் நான்கு வினாக்களை எழுப்பினார். பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் 1956இல் அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தனர். 1962இல் ராபர்ட் மேகர், நோக்கத்தை ஐயத்திற்கு இடமின்றி எழுதும் முறையை ஒரு சிறு நூலில் விளக்கினார். புளூமின் வகைப்பாட்டை ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் தலைமையிலான குழு 2001இல் திருத்தி அமைத்தது.

நம் நாட்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2017இல் தொடக்கநிலை வகுப்புகளுக்குரிய கற்றல் விளைவுகளை வகுப்பு வாரியாக வெளியிட்டது. தமிழகத்தில் 2018–19 கல்வியாண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் பல பாடங்களின் தொடக்கத்தில் கற்றல் நோக்கங்கள் அச்சிடப்பட்டன. ஆயினும் நூலில் உள்ளது பாடம் முழுமைக்கும் உரியது. இன்றைய ஒரு பாடவேளைக்கு உரியதை ஆசிரியரே எழுதுதல் வேண்டும்.

நோக்கத்தின் உறுப்புகள்

நல்ல நோக்கத்தில் மூன்று உறுப்புகள் அமைதல் வேண்டும் என்பது மேகரின் கருத்து.

முதலாவது, செயல்: மாணவர் என்ன செய்வார்? அச்செயல் கண்ணால் காணவோ காதால் கேட்கவோ கூடியதாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, சூழல்: எவற்றைக் கொடுத்து, எந்நிலையில் செய்வார்? நூலைப் பார்த்தா, பாராமலா? படத்தின் துணையோடா, துணையின்றியா?

மூன்றாவது, அளவு: எவ்வளவு செய்தால் போதும் என்று கொள்வோம்?

இம்முறைப்படி என் பழைய நோக்கத்தைப் பின்வருமாறு திருத்தினேன்: ‘தொகுதி 1 ஆக உள்ள இரு பின்னங்களைக் கொடுத்தால், மாணவர் அவற்றுள் பெரியதைத் தெரிந்தெடுத்து, படம் வரைந்து காரணம் கூறுவர், ஐந்து இணைகளுள் நான்கிலேனும் சரியாகச் செய்வர்.’

இவ்வாக்கியம் மாறியதும் பாடமும் மாறிற்று. கரும்பலகையில் நான் வட்டம் வரைவதால் மட்டும் இந்நோக்கம் நிறைவேறாது என்பது தெளிவாயிற்று. அடுத்த முறை ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் மடித்து ஒரு மடிப்பை மற்றதன்மேல் வைத்துப் பார்த்தனர். பங்குகள் பெருகப் பெருக ஒரு பங்கு சிறுத்துப் போவதை அவர்களே கண்டு கூறினர். கால், அரைக்கால், வீசம் என்று நம் முன்னோர் வழங்கிய அளவுகளையும் அதனோடு சேர்த்துச் சொன்னேன். காலில் பாதி அரைக்கால், அதில் பாதி வீசம் என்பது பாட்டியிடம் கேட்டறிந்த சிலருக்கு முன்னரே தெரிந்திருந்தது.

வினைச்சொல்லே உயிர்

நோக்கத்தின் தெளிவு அதன் வினைச்சொல்லில் உள்ளது. அறிவர், புரிந்துகொள்வர், உணர்வர், தெரிந்துகொள்வர் என்பன மனத்துள் நிகழ்வன. பிறர் காண இயலாதன. பட்டியலிடுவர், வேறுபடுத்துவர், காரணம் கூறுவர், கணக்கிடுவர், திருத்தி எழுதுவர், ஒப்பிடுவர் என்பன காணத்தக்கன. பிற பாடங்களிலிருந்து சில எடுத்துக்காட்டுகள் காண்போம்.

தமிழ்: ‘சந்திப் பிழைகளைத் தெரிந்துகொள்வர்’ என்பதற்குப் பதிலாக, ‘பத்து வரிகள் கொண்ட பத்தியில் வல்லினம் மிகவேண்டிய இடங்களைக் கண்டறிந்து திருத்தி எழுதுவர்’ எனலாம்.

அறிவியல்: ‘ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்வர்’ என்பதற்குப் பதிலாக, ‘இரு நாள்கள் இருளில் வைத்த செடியின் இலையும் வெயிலில் வைத்த செடியின் இலையும் அயோடின் சோதனையில் எவ்வாறு வேறுபடும் என்பதை முன்கூட்டிச் சொல்லிக் காரணம் விளக்குவர்’ எனலாம்.

சமூக அறிவியல்: ‘தமிழக ஆறுகளைப் பற்றி அறிவர்’ என்பதற்குப் பதிலாக, ‘பெயர் குறிக்கப்படாத தமிழக வரைபடத்தில் பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி ஆகிய ஆறுகளின் போக்கை வரைந்து பெயர் எழுதுவர்’ எனலாம்.

தவிர்க்க வேண்டியவை

ஒரு பாடவேளைக்கு ஏழெட்டு நோக்கங்களை அடுக்குதல் கூடாது. நாற்பது நிமிடங்களில் ஒன்று அல்லது இரண்டு நோக்கங்களே நிறைவேறும்.

செயல்பாட்டையே நோக்கமாக எழுதுவதும் பிழையாகும். ‘காகிதப் பட்டையை மடிப்பர்’ என்பது செயல்பாடு. அச்செயல்பாட்டினால் விளையும் திறனே நோக்கம்.

எளிதில் அளக்கலாம் என்பதற்காக எல்லா நோக்கங்களையும் மனப்பாடத்தோடு நிறுத்திவிடுவது மற்றொரு பிழை. திருத்திய வகைப்பாட்டின்படி நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் எனப் படிகள் ஆறு. ‘தொகுதி, பகுதி ஆகியவற்றின் பெயரைக் கூறுவர்’ என்பது முதற்படி. ‘1/4 பெரிது என்று எழுதிய மாணவனின் விடையில் உள்ள தவற்றை எடுத்துக் காட்டுவர்’ என்பது மேற்படி. வாரத்தில் சில நாள்களேனும் மேற்படிக்கு ஏற வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. எல்லாவற்றையும் இவ்வாறு முன்கூட்டி வரையறுக்க இயலாது. கலைக்கல்வி அறிஞர் எலியட் ஐஸ்னர் 1967இல் இதனை எடுத்துரைத்தார். ஓவியம் வரையும் சிறுவன் எதை வரைந்து முடிப்பான் என்று முன்னரே எழுதிவிட்டால், அங்கே படைப்புக்கு இடமில்லை. வாய்மை, உயிர்களிடத்து இரக்கம் போன்ற பண்புகளும் ஒரு பாடவேளையில் தோன்றி மதிப்பெண் பெறுவன அல்ல. அவை ஆசிரியரின் ஒழுக்கத்தைக் கண்டு பல்லாண்டுகளில் வளர்வன. அளக்க இயலாதது என்பதால் அவற்றைக் கைவிடவும் வேண்டா; அளந்துவிட்டதாகப் பாடக்குறிப்பில் எழுதவும் வேண்டா.

பவணந்தியார் காட்டும் நெறி

மேலைநாட்டு அறிஞர் கூறிய இம்முறை நமக்கு முற்றிலும் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், இலக்கணம் கூறுமுன் பாயிரத்தில் நூல், ஆசிரியர், மாணாக்கர், கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கின்றார். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் அந்நூலைக் கேட்போர் யார், அதனால் பெறும் பயன் யாது என்பனவும் அடங்கும். ஆசிரியர் தாம் சொல்லப்போகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரையாமல், வெகுளாமல், மாணாக்கன் ஏற்றுக்கொள்ளும் வகையை அறிந்து கற்பித்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் மாணாக்கன் அடைவது காற்பங்கே என்றும், உடன் பயில்வோரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் அவர் கணக்கிட்டுக் கூறுகின்றார். இதனை எண்ணும்தோறும் என் பழைய வகுப்பு நினைவிற்கு வரும். நான் உரைத்தேன், அவர்கள் கேட்டனர். காற்பங்கிலேயே பாடம் நின்றுவிட்டது. ‘காரணம் கூறுவர்’ என்னும் நோக்கத்தை எழுதியபோதுதான் எஞ்சிய முக்காற்பங்கிற்கு வழி திறந்தது.

நடைமுறை

பாடக்குறிப்பு எழுதும்போது வகுப்பின் இறுதியில் கேட்கப்போகும் வினாவை முதலில் எழுதுக. அவ்வினாவிற்கு விடையளிக்கும் திறனே நோக்கம். அதன்பின் அத்திறனுக்கு வேண்டிய பயிற்சியை எழுதுக. வகுப்பின் கடைசி ஐந்து நிமிடங்களில் ஒவ்வொரு மாணவரும் ஒரு துண்டுத் தாளில் விடை எழுதட்டும். தாள்களைச் சரியானவை, ஓரளவு சரியானவை, தவறானவை என மூன்றாகப் பிரித்தல் சில நிமிட வேலையே. மறுநாள் பாடம் எங்குத் தொடங்க வேண்டும் என்பதை அத்தாள்களே காட்டும். ‘புரிந்ததா?’ என்னும் வினாவைக் காட்டிலும் இது நம்பத்தக்கது.

பெற்றோர்க்கும் இதில் பங்கு உண்டு. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் ‘இன்று என்ன பாடம் நடந்தது?’ என்று மட்டும் கேளாமல், ‘இன்று புதிதாக என்ன செய்யக் கற்றாய்? எனக்கும் சொல்லிக் கொடு’ என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் கடிந்துகொள்ள வேண்டா. தடுமாறும் இடம் தெரிந்ததே பெரும்பயன்.

பயிற்சி

ஆசிரிய அன்பர்கள் பின்வருவனவற்றைக் காணத்தக்க செயலும் சூழலும் அளவும் அமையத் திருத்தி எழுதிப் பார்க்கலாம்.

1. மாணவர்கள் பரப்பளவு, சுற்றளவு பற்றி அறிந்துகொள்வர்.
2. நீர் மாசுபடுதலின் தீமையை உணர்வர்.
3. உவமை அணியை ஆசிரியர் விளக்குதல்.
4. மாணவர்கள் கடிதம் எழுதும் முறையைப் புரிந்துகொள்வர்.

எழுதியபின் ஒவ்வொன்றையும் ஒரு வினாவால் சோதித்துக் கொள்க: ‘வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இது வந்துவிட்டதா என்பதை இன்றே நான் அறிய முடியுமா?’ முடியும் என்றால் அந்நோக்கம் செம்மையானது. முடியாதெனில் மீண்டும் ஒருமுறை எழுதுவோம். அதற்காகும் சில நிமிடங்கள் அப்பிள்ளைக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.