பள்ளியில் நம் பிள்ளை யாரிடம் சொல்லும்?

மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே. இன்று என்ன படித்தாய், எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்பதே அது. பள்ளியில் உன்னை எவ்வாறு நடத்தினார்கள் என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. இதற்குக் காரணம் அன்புக் குறைவு அன்று. கல்வி ஒன்றே நம் மக்களைக் கைதூக்கி விடும் என்பதை முன்னோர் பட்டறிவால் உணர்ந்தனர். ஆகவே எதைப் பொறுத்தாவது படித்து முடித்துவிடு என்று பிள்ளைக்குச் சொல்லும் பழக்கம் வீடுகளில் வேரூன்றிவிட்டது.

ஆனால் அஞ்சியும் கூசியும் அமர்ந்திருக்கும் பிள்ளையின் மனத்தில் பாடம் எவ்வாறு ஏறும்? மாணாக்கரின் மனநலம் படிப்புக்குப் புறம்பான ஒன்றா, அன்றிப் படிப்பின் அடித்தளமா? அடித்தளம் என்றால் அதைக் காக்கும் கடமை யாருடையது? இவ்வினாக்களையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கோணித்துணி கற்பிப்பது

பாபாசாகேப் அம்பேத்கர் தம் இளமைப் பள்ளி வாழ்வைப் பற்றி எழுதியுள்ள செய்திகளை நம்மில் அறியாதார் இலர். வகுப்பின் ஒரு மூலையில் அவர் தனியே அமர வேண்டும். அமர்வதற்குரிய கோணித்துணியை வீட்டிலிருந்தே கொண்டுவந்து, மாலையில் வீட்டிற்கே எடுத்துச் செல்ல வேண்டும். ஏனெனில் பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலையாளும் அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறத்தல் கூடாது. கடைநிலை ஊழியர் வந்து திறந்தால் தண்ணீர் உண்டு. அவர் வாராத நாளில் தண்ணீர் இல்லை.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. இது கொடிய மனிதர் ஒருவரின் தனிச்செயல் அன்று, அப்பள்ளியின் ஏற்பாடு. எவரும் சினந்து பேசாத நாளிலும் கோணித்துணி மூலையிலேயே கிடந்தது. அண்ணல் அதைக் கடந்து உலகம் போற்றும் அறிஞரானார் என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கிறோம், உரைக்க வேண்டியதே. எனினும் அதே மூலையில் அமர்ந்து, மனம் ஒடிந்து, படிப்பைக் கைவிட்டுப் பெயரின்றி மறைந்தோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவரின் மனவலிமையைப் புகழ்வதால் ஏற்பாட்டின் குற்றம் நீங்கிவிடாது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கோணித்துணி போயிற்று. எனினும் உதவித்தொகை பெறுவோரின் பெயரை வகுப்பறையில் உரக்கப் படித்து நகைப்புக்கு இடமளித்தல், கழிவறை தூய்மை செய்யக் குறிப்பிட்ட பிள்ளைகளையே ஏவுதல், மணிக்கட்டில் சாதிக்கு ஒரு வண்ணக் கயிறு கட்டிக் கொள்ளுதல் ஆகிய புதிய வடிவங்களில் பழைய நோய் தலை காட்டுகின்றது.

தமிழகத்தில் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு மாதத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவனோடு பயின்ற மாணவர்கள் என்பது நாட்டையே நடுங்கச் செய்தது. தனக்கு நேர்ந்த தொல்லைகளை அவன் பள்ளியில் தெரிவித்த பின்னரே அத்தாக்குதல் நிகழ்ந்தது எனச் செய்தித்தாள்கள் கூறின. அதன் பின்னர் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு, வண்ணக் கயிறு முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 ஜூன் மாதத்தில் அளித்தது.

பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது மட்டும் போதாது. சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். கேட்பவர் யார், கேட்டபின் அவர் செய்யப்போவது யாது என்பவை முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதற்கு வழி உண்டா என்று தேடுவோர்க்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு சோதனை விடை தருகின்றது.

2. நாலந்தா மாவட்டத்தில் நடந்த சோதனை

நாலந்தா என்றவுடன் நமக்கு அதன் மகாவிகாரை நினைவுக்கு வரும். காஞ்சியிற் பிறந்த தருமபாலர் தலைமை வீற்றிருந்த கல்விக்கூடம் அது. இன்று அப்பெயரைத் தாங்கிய பீகார் மாநில மாவட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2015-ஆம் ஆண்டு ஒரு பெருஞ்சோதனை தொடங்கப்பட்டது. கோவாவைச் சேர்ந்த சங்கத் என்னும் மனநலத் தொண்டமைப்பின் ஆய்வாளர்கள் அதில் முன்னின்றனர். சேஹர் என்பது அத்திட்டத்தின் பெயர்.

குலுக்கல் முறையில் 75 பள்ளிகள் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. பின்னர் ஒரு பள்ளி விலகிக்கொள்ள, எஞ்சியவை 74. தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வினாத்தாள் வழியே நிலைமை கேட்டறியப்பட்டது.

திட்டத்தின் கூறுகள் மிக எளியவை. காலை வணக்கக் கூட்டத்தில் தூய்மை, வன்முறை, உரிமையும் பொறுப்பும், படிக்கும் முறை போன்ற பொருள்கள் பற்றிப் பேச்சும் நடிப்பும், மாணாக்கரே எழுதும் சுவர் இதழ், பெயரிட்டோ பெயரிடாமலோ குறையை எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டி, மாணாக்கர் சிறு குழுக்கள், போட்டிகள், ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பயிற்சி வகுப்புகள், தலைமையாசிரியர், பெற்றோர், மாணாக்கர் முதலியோர் அடங்கிய பள்ளி நலக்குழு, துன்புறும் பிள்ளைக்குத் தனியே ஆலோசனை. பெருஞ்செலவில் கட்டடமோ கருவியோ எதுவும் இல்லை.

முதல் தொகுதிப் பள்ளிகளில் இவற்றை நடத்துவதற்கென்றே ஓர் ஆலோசகர் அமர்த்தப்பட்டார். அவர் மருத்துவர் அல்லர்; மனநூல் வல்லுநரும் அல்லர்; பயிற்சி அளிக்கப்பட்ட எளிய மனிதர். இரண்டாம் தொகுதிப் பள்ளிகளில் அதே பணி, அதே பயிற்சியோடு, அப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாம் தொகுதிப் பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன.

எட்டுத் திங்கள் கழித்து அளந்து பார்த்தனர். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் ஆசிரியர்-மாணாக்கர் உறவும் தோழமையும் பள்ளி நம்முடையது என்னும் உணர்வும் பெரிதும் வளர்ந்திருந்தன. மனச்சோர்வும், ஒருவரையொருவர் துன்புறுத்தலும், வன்முறையும் குறைந்திருந்தன. ஆண் பெண் சமத்துவம் பற்றிய எண்ணமும் மேம்பட்டிருந்தது. ஆசிரியரிடம் பணி ஒப்படைக்கப்பட்ட பள்ளிகளிலோ, வழக்கம்போல் நடந்த பள்ளிகளைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. இம்முடிவு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. பதினேழாம் திங்களில் மீண்டும் அளந்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் நன்மை குன்றாததோடு முன்னினும் பெருகியிருந்தது.

3. வேறுபாட்டின் காரணம்

ஒரே திட்டம், ஒரே பயிற்சி. பலன் மட்டும் வேறு. இதைக் கொண்டு ஆசிரியர்கள் அன்பற்றவர் என்று முடிவு கட்டுதல் தவறாகும். அவ்வாசிரியரின் தலையில் பாடவேளையும் தேர்வும் பதிவேடும் முன்னமே சுமத்தப்பட்டிருந்தன. அவற்றின் மேல் மற்றுமொரு சுமையாக வந்த பணிக்கு எஞ்சிய நேரமே கிடைக்கும். மேலும் மதிப்பெண் இடும் கையும் கண்டிக்கும் வாயும் உடையவரிடம், தன் வெட்கத்தையும் அச்சத்தையும் பிள்ளை எளிதிற் சொல்லுமா? குறை அவ்வாசிரியர் மீதே இருப்பின் நிலைமை என்ன?

எனவே நல்லெண்ணம் மட்டும் பள்ளியை மாற்றாது. நல்லெண்ணத்திற்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்கு நேரம் வேண்டும். கேட்பதே அவர் தொழிலாக இருத்தல் வேண்டும். கேட்டதைச் செயலாக்க ஒரு குழுவும் வேண்டும். எல்லார்க்கும் பொது என்று விடப்படும் பணி எவர்க்கும் உரியதாகாமல் நின்றுவிடும்.

ஓர் எல்லையையும் குறித்தல் நேர்மை. இச்சோதனை அளந்தவற்றுள் சாதி இழிவு தனிப்பொருளாக இடம்பெறவில்லை. ஆகவே இப்பெட்டியும் இவ்விதழும் சாதியை ஒழித்துவிடும் என்று நாம் கூறமாட்டோம். துன்பத்தைச் சொல்ல ஓர் இடம் உள்ள பள்ளியில் துன்புறுத்தல் குறைகின்றது என்பதே மெய்ப்பிக்கப்பட்டது. அந்த அளவில் அது நமக்கு உதவும்.

4. சிகாலன் கேட்ட அறவுரை

இதே நாலந்தா மாவட்டத்தில்தான் இன்றைய ராஜ்கிர், பண்டைய ராஜகிருகம், உள்ளது. அங்கே வேணுவனத்தில் தங்கியிருந்த காலத்தில் பகவன் சிகாலன் என்னும் இளைஞனுக்கு இல்லறத்தார் கடமைகளை உணர்த்தினார். அதில் மாணாக்கன் ஆசிரியர்க்குச் செய்யத்தக்கவை ஐந்து என்றால், ஆசிரியர் மாணாக்கனுக்குச் செய்யத்தக்கவையும் ஐந்து. கடமை ஒரு பக்கம் மட்டும் சுமத்தப்படவில்லை. நல்லொழுக்கத்தில் பயிற்றல், கற்றது மனத்தில் பதியச் செய்தல், அறிந்தவற்றை ஒளியாது கற்பித்தல், தோழர்களிடையே மாணாக்கனைப் பெருமையுற அறிமுகம் செய்தல், எல்லாத் திசையிலும் அவனுக்குக் காப்பளித்தல் என்பவை ஆசிரியரின் ஐந்து.

இறுதியிரண்டையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பெயரைத் தோழரிடையே நகைப்புக்கு உரியதாக்குவது நான்காம் கடமையின் மீறல். தொல்லையைச் சொன்ன பிள்ளையைத் துணையின்றி விடுவது ஐந்தாம் கடமையின் மீறல். மாணாக்கர் நலம் இக்காலத்தார் கண்ட புதுமை என்று எண்ணுவோர்க்கு இவ்வறவுரையே போதிய மறுமொழி.

5. நாம் செய்யத்தக்கவை

ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆலோசகரை அமர்த்துவது அரசின் பணி. அதை நாம் இடைவிடாது கேட்டல் வேண்டும். அதுவரை நம் கைக்கு எட்டியவற்றை நாமே செய்யலாம்.

முதலாவது, ஒவ்வொரு கிளைச் சங்கமும் பிள்ளைகளின் சொல்லைக் கேட்பதற்கென இருவரை அமர்த்துக. அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். ஞாயிறு வகுப்புக்குப் பின் அரைமணி நேரம் அவர்கள் வேறு எப்பணியும் ஏற்கலாகாது. பிள்ளை சொல்லும்போது இடைமறித்தலும், நீ என்ன செய்தாய் என்று முதலிலேயே குற்றம் தேடலும், கேட்டதைப் பிறரிடம் பேசலும் விலக்கத்தக்கவை.

இரண்டாவது, கூடத்தில் ஒரு பெட்டி வைக்கலாம். அதை அவ்விருவரும் சேர்ந்தே திறக்க வேண்டும். கடிதத்தைச் சபையிற் படித்தல் ஆகாது. ஒரு வாரத்திற்குள் மறுமொழி கிடைக்காத பெட்டியில் இரண்டாம் முறை எப்பிள்ளையும் கடிதம் இடாது.

மூன்றாவது, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைக் கற்றறிக. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோர்க்கு அதில் உரிய விகிதத்தில் இடம் உண்டு. உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி மனத்தைப் புண்படுத்துதலையும் தடை செய்கின்றது. நம் தாய்மார் அக்குழுவில் அமர்ந்து வாய் திறந்தால், பிள்ளை தனியே பேச வேண்டிய நிலை குறையும்.

நான்காவது, பெரிய தொல்லையாயின் நாளும் நிகழ்ச்சியும் குறித்து எழுத்து மூலம் தலைமையாசிரியரிடம் அளித்துப் படியை வைத்துக் கொள்க. பிள்ளையைத் தனியே அனுப்பாமல் சங்கத்தார் இருவர் உடன் செல்க. மறுநாள் முதல் பிள்ளையின் போக்குவரவைக் கவனிப்பதும் முறையீட்டின் ஒரு பகுதியே. அவசரத் துணைக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. மனநல உதவிக்கு 14416. வாழ்வில் வெறுப்புற்றதாகப் பிள்ளை பேசினால் ஞாயிறு வரை காத்திராது அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

ஐந்தாவது, நம் பிள்ளைகளையும் நாம் நோக்குதல் வேண்டும். இழிவு பெற்றவன் இழிவு செய்யான் என்பதற்கு உறுதியில்லை. நிறத்தை, திக்குவாயை, உடற்குறையை, வறுமையை, வேறு உட்பிரிவைக் கேலி செய்யும் பிள்ளை நம் இல்லத்திலும் இருக்கலாம். தீக்கையின்போது நாம் விட்டொழித்த உயர்வு தாழ்வு, பிள்ளையின் விளையாட்டில் மீண்டும் நுழைந்தால் அதைக் களைவது நம் கடன்.

ஆய்வு வட்டத்தார்க்குரிய வினாக்கள்

அ. உங்கள் ஊர்ப் பள்ளியில் இன்றும் கோணித்துணிக்கு ஒப்பான ஏற்பாடு எது?

ஆ. ஒரே திட்டம் ஆலோசகர் கையில் வெற்றியும் ஆசிரியர் கையில் பலனின்மையும் பெற்றது ஏன்? நம் சங்கப் பணிகளுக்கும் இக்காரணம் பொருந்துமா?

இ. ஆசிரியரின் ஐந்து கடமைகளுள் எதனை நம் ஞாயிறு வகுப்பு குறைவாகச் செய்கின்றது?

ஈ. அடுத்த கூட்டத்திற்கு முன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இல்லத்துப் பிள்ளையிடம் மதிப்பெண் பற்றிக் கேளாது, பள்ளியில் உனக்குத் துன்பம் நேர்ந்தால் யாரிடம் சொல்வாய் என்று மட்டும் கேட்டு வருக. விடை சொல்லத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பெயர் குறியாமல் சபையில் எண்ணிக் கொள்வோம். நம் பணி அங்கிருந்தே தொடங்கும்.