அரைப் பக்கத்தில் ஒரு நாவல்

அன்புள்ள தம்பி,

இலக்கிய ஏஜென்ட் ஆகிவிட்டேன் என்று வீட்டில் சொன்னதும் உன் பெரியப்பா "எல்.ஐ.சி.யா?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். வெகுநேரம் சிரித்தேன். அவரைக் குறை சொல்ல முடியாது. லண்டனில் ஏ. பி. வாட் பத்து சதவீதக் கமிஷனுக்கு எழுத்தாளர்களின் படைப்புகளை விற்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நம் ஊரிலோ நேற்று வரை பதிப்பாளரே ஏஜென்ட், சில சமயம் மொழிபெயர்ப்பாளரே ஏஜென்ட். 2023 ஜனவரியில் சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி தொடங்கிய பிறகுதான், இதற்கென்று ஆட்களைப் பழக்கி மேசை போட்டு உட்காரவைக்கும் வேலையே நடந்தது.

எந்த மாதிரி எழுத்தைத் தேடுவது என்று கேட்கிறாய். சொல்கிறேன். முதலில் காகிதம்.

நான் புதிதாக வந்த காலத்தில் ஒரு நாவலைப் பற்றி வெளிநாட்டு எடிட்டர் ஒருவரிடம் உருகி உருகிப் பேசினேன். அவரும் சாம்பிள் மொழிபெயர்ப்பு அனுப்பச் சொல்லிவிட்டார். ஊர் திரும்பி எழுத்தாளருக்கு போன் செய்தால், "அதை அப்பவே ஒருத்தருக்குக் குடுத்தாச்சேம்மா" என்கிறார். யாருக்கு, எந்த மொழிக்கு, எத்தனை வருஷத்துக்கு? எல்லாம் வாய்ப்பேச்சு. அந்த எடிட்டருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் பிறகுதான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 19ஆம் பிரிவைப் படித்தேன். நீ இன்றைக்கே படி. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 'எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டேனே' என்று கவலைப்படும் மூத்த எழுத்தாளரின் பழைய ஒப்பந்தத்தை வாங்கிப் பார். பல சமயம் வெளிநாட்டு உரிமை அவர் பீரோவிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். பாரதி, கல்கி போல நாட்டுடைமை ஆனவர்கள் விஷயத்தில் உனக்கு விற்க ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இனி எழுத்து. புத்தகச் சந்தைகளில் ஒரு சந்திப்புக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. 'கிராமத்து வாழ்க்கையை யதார்த்தமாகச் சொல்லும் நாவல்' என்று ஆரம்பித்தாயானால் அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். சோடாக் கடையில் வேலை பார்க்கும் பையன் வேற்றுச் சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறான், ஊர் அவள் சாதியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிப் பார். பெருமாள்முருகனின் 'பூக்குழி' அவ்வளவுதான், அவ்வளவுமே அதுதான். அந்த நாவல் தமிழில் வந்தது 2013இல். அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இங்கே 2016இல் வந்தது. பிரிட்டனில் வர 2022 ஆயிற்று. மறு ஆண்டு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது, அந்த இடத்துக்குப் போன முதல் தமிழ் நாவலாக. எண்ணிப் பார், பத்து வருஷம். ஒரு நாவலைக் கையில் எடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: பத்தாவது வருஷமும் இதை அலுப்பில்லாமல் இன்னொருவருக்குச் சொல்வேனா? சிலதை முதல் தடவை சொல்லும்போதே எனக்கே கொட்டாவி வந்திருக்கிறது. நல்ல நாவல்கள்தான். ஆனால் அவற்றை விற்க நான் சரியான ஆள் இல்லை.

வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்குமென்று கோலம், கோயில் யானை, மல்லிகைப்பூ தேடிப் போகாதே. அதெல்லாம் அவர்கள் பார்த்துச் சலித்தவை. சிறுகதை விற்காது என்று தொழிலில் உள்ளவர்கள் அடித்துச் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள் சர்வதேச புக்கரையே வாங்கின. வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பரிசின் ஐம்பதாயிரம் பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். சாம்பிள் பக்கங்களுக்குப் பணம் கேட்கும் மொழிபெயர்ப்பாளரிடம் நீ பேரம் பேசும்போது அது நினைவில் இருக்கட்டும். இருபது பக்கம் நன்றாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உன் காசு கமிஷனில்தான், அதுவும் பணம் வந்த பிறகுதான். படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி எழுத்தாளரிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் என் வீட்டுப் பக்கம் வராதே. இப்போதைக்கு மாதச் சம்பள வேலையையும் விட்டுவிடாதே. பெரியப்பாவுக்கும் நிம்மதி.

நீ அனுப்பிய உப்பளத்து நாவலைப் படித்தேன். அந்தக் கிழவி வரும் இடமெல்லாம் உயிரோடு இருக்கிறது. நீ எழுதிய குறிப்பு மட்டும் நான்கு பக்கம் ஓடுகிறது, அதில் கிழவியே இல்லை. அரைப் பக்கமாக எழுதி அனுப்பு. எழுத்தாளரின் ஒப்பந்த நகலையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா