கட்டளை வரியில் பழுது காண்போம்



நம் வீட்டுச் சமையலறையில் அஞ்சறைப் பெட்டி ஒன்று இருக்கும். கடுகுக்கு ஓர் அறை, சீரகத்திற்கு ஓர் அறை, வெந்தயத்திற்கு ஓர் அறை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது அம்மாவின் கை தடுமாறாமல் கடுகுக்குப் போகிறது. அறை மாறினால் தாளிப்புக் கெடும். அடுக்கி வைத்தால்தான் வேண்டியபோது எடுக்க முடியும் என்பது இதன் பாடம்.

கணினியில் இத்தகைய அஞ்சறைப் பெட்டியையே தரவுத்தளம் என்கிறோம். கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துத் தரும் பணியாளரே தரவுத்தள சர்வர். பள்ளி நூலகத்தின் நூற்பட்டியல், மாணவியர் பதிவேடு, மருத்துவமனையின் நோயாளர் குறிப்பு ஆகியவை எல்லாம் இன்று இந்தப் பணியாளரின் பொறுப்பில் உள்ளன. அந்தச் சர்வரை ஒரு கணினியில் நிறுவுவதையும், நிறுவிய பின் அது இயங்க மறுத்தால் பழுதை எங்கே தேடுவது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த வரலாறு

பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1995-ஆம் ஆண்டில் ஒரு தரவுத்தள மென்பொருளை வெளியிட்டனர். விடேனியஸின் மூத்த மகளின் பெயர் மை. ஆகவே அம்மென்பொருள் மைசீக்வல் ஆயிற்று. 2008-இல் அதனைச் சன் நிறுவனம் வாங்கியது. 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. தம் படைப்பு என்றும் யாவர்க்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று கருதிய விடேனியஸ், 2009-இல் அதன் மூலநிரலிலிருந்தே ஒரு கிளையைத் தொடங்கி, இளைய மகள் மரியாவின் பெயரால் மரியாடிபி என்று அழைத்தார். உலகமெங்கும் அன்றாடம் உச்சரிக்கப்படும் இரு மென்பொருள்களின் பெயர்களில் இரு சிறுமியர் வாழ்கின்றனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

நூலகங்களுக்கான கோஹா என்னும் இலவச மென்பொருளும் இத்தகைய தரவுத்தளத்தையே நம்பி இயங்குகிறது. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் உருவாகி, 2000 ஜனவரியில் அது பயன்பாட்டிற்கு வந்தது. கோஹா என்றால் மாவோரி மொழியில் நன்கொடை என்று பொருள்.

கருந்திரை எதற்கு?

பட்டனைச் சொடுக்கிப் பழகிய நமக்குக் கட்டளை வரியின் கருந்திரை முதலில் அச்சம் தரும். ஆனால் பழுது நேர்ந்த வேளையில் படங்கள் நிறைந்த திரை 'ஏதோ தவறு' என்று சொல்லி நின்றுவிடும். கருந்திரையோ எந்த இடத்தில், எந்த எண்ணுள்ள பிழை என்று விடை கூறும். இங்குக் கட்டளைகளின் ஒலிப்பையே தமிழில் தருகிறோம். தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளுக்கு இவை பொருந்தும்.

ஐந்து நிலையங்கள்

கடலூர் துறைமுகம் சந்திப்பில் புறப்படும் தொடர்வண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் சேர்கிறது. குறித்த நேரத்தில் வண்டி வரவில்லையானால் சிதம்பரம் நிலைய அலுவலர் என்ன செய்வார்? எந்த நிலையம் வரை வண்டி வந்தது என்று கேட்பார். நாமும் அவ்வாறே நிலையம் நிலையமாகக் கேட்போம்.

முதல் நிலையம், ஆலப்பாக்கம்: நிறுவுதல் முடிந்ததா?

முதலில் 'சுடோ ஆப்ட் அப்டேட்', அடுத்து 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் மரியாடிபி-சர்வர்' என்று கட்டளையிட வேண்டும். பூட்டைப் பெற முடியவில்லை என்று செய்தி வந்தால், வேறொரு நிறுவுதல் பின்னணியில் நடக்கிறது என்று பொருள். பொறுத்திருந்தால் போதும். பூட்டுக் கோப்பை அழிப்பது கூடாது. நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால் பணி அரைகுறையாகக் கிடக்கும். மின்சாரம் வந்ததும் 'சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்று கட்டளையிட்டால் விட்ட இடத்திலிருந்து பணி தொடரும்.

இரண்டாம் நிலையம், புதுச்சத்திரம்: சர்வர் எழுந்ததா?

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மரியாடிபி' என்று கேட்க வேண்டும். 'ஆக்டிவ்' என்றால் எழுந்துவிட்டது. 'ஃபெயில்ட்' என்றால் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதை 'சுடோ ஜர்னல்சிடிஎல் -யு மரியாடிபி' என்னும் கட்டளை நாட்குறிப்பைப் போல் வரி வரியாகக் காட்டும். அதனைப் பொறுமையுடன் படிக்கும் மாணவியே பாதிப் பழுதை நீக்கியவள் ஆவாள்.

பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். 'டிஎஃப் -ஹெச்' அதனைக் கூறும். தரவுகள் உள்ள '/வார்/லிப்/மைசீக்வல்' என்னும் கோப்புறையின் உரிமை மாறியிருக்கலாம். 'எல்எஸ் -எல்டி' என்னும் கட்டளையுடன் அக்கோப்புறையின் பெயரைச் சேர்த்தால் உரிமையாளர் பெயர் தெரியும். அங்கு மைசீக்வல் என்ற பெயரே இருக்க வேண்டும். மூன்றாவதாக, முன்பே நிறுவிய வேறொரு சர்வர் அதே இடத்தைப் பிடித்திருக்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மின்தடைக்குப் பின் சர்வர் எழுந்திருக்கச் சற்று நேரம் கொள்ளும். எழுதி முடித்தவற்றையும் முடியாதவற்றையும் தன் குறிப்பேட்டைப் பார்த்து அது சரிசெய்துகொண்டிருக்கும். அவசரப்பட்டு, 'ஐபிடேட்டா1' போன்ற கோப்புகளைக் குப்பை என்று எண்ணி அழித்தால் பல ஆண்டுப் பதிவுகள் ஒரு நொடியில் போய்விடும். தெரியாத கோப்பின்மேல் கை வைப்பதற்கு முன், அந்தக் கோப்புறை முழுவதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

மூன்றாம் நிலையம், பரங்கிப்பேட்டை: துறை திறந்திருக்கிறதா?

பரங்கிப்பேட்டை பழைய துறைமுகம். கணினியிலும் துறைகள் உண்டு. அவற்றைப் போர்ட் என்பர். மரியாடிபி வழக்கமாக 3306 என்ற எண்ணுள்ள துறையில் காத்திருக்கும். 'சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி' எந்தத் துறையில் யார் இருக்கிறார் என்று காட்டும். அங்கு 127.0.0.1 என்ற முகவரி தெரிந்தால், அந்தக் கணினியிலிருந்து வருவோரை மட்டுமே சர்வர் ஏற்கும். நூலக அறையிலுள்ள மற்றக் கணினிகளும் அதனை அணுக வேண்டுமானால் அமைப்புக் கோப்பில் 'பைண்ட்-அட்ரஸ்' என்ற வரியை மாற்றி, சர்வரை மீண்டும் தொடங்க வேண்டும். தேவையில்லாதபோது திறந்துவைப்பது தெருக்கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

நான்காம் நிலையம், கிள்ளை: அனுமதி உண்டா?

பிழை எண் 2002 வந்தால் சர்வரை அடையவே முடியவில்லை; பெரும்பாலும் அது உறங்குகிறது என்று பொருள். பிழை எண் 1045 வந்தால் சர்வர் விழித்திருக்கிறது. ஆனால் நம்மை உள்ளே விட மறுக்கிறது. முன்னது பூட்டிய வீடு. பின்னது வாயிற்காவலர் நிற்கும் வீடு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, கடவுச்சொல் தவறியதற்காகச் சர்வரையே அழித்து மீண்டும் நிறுவுவோர் உண்டு. அது சாவி தொலைந்ததற்காக வீட்டை இடிப்பதாகும்.

உபுண்டுவில் தலைமைப் பயனரான ரூட் 'சுடோ மரியாடிபி' என்று தட்டினால் கடவுச்சொல் இன்றியே உள்ளே செல்லலாம். அன்றாட வேலைக்கு ரூட்டைப் பயன்படுத்தாமல், நூலகத்திற்கெனத் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, நூலகத் தரவுத்தளத்திற்கு மட்டும் உரிமை அளிக்க வேண்டும்.

ஐந்தாம் நிலையம், சிதம்பரம்: தமிழ் தமிழாக வந்ததா?

உள்ளே நுழைந்துவிட்டோம். நூலின் பெயரைத் தமிழில் பதிகிறோம். திரும்பக் கேட்டால் கேள்விக்குறிகள் வரிசையாக வருகின்றன! இதுவே தமிழர்க்கு நேரும் தனித்துயரம். சிதம்பரம் என்ற சொல்லைப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். யூனிகோடு முறையிலோ ச, இகரக் குறி, த, ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி என ஒன்பது குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ஆக 27 பைட்டுகள். பழைய பதிப்புகளில் இயல்பாக இருந்த லத்தீன்-1 முறையில் தமிழுக்கு இடமில்லை. எனவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும், அல்லது 1366 என்ற பிழையைக் காட்டிப் பதிய மறுக்கும். கேள்விக்குறியாய்ப் பதிந்ததை மீட்க வழியில்லை. மீண்டும் தட்டச்சிடவே வேண்டும். பிழை காட்டி மறுப்பதே நமக்கு நன்மை.

ஆகவே பதிவு தொடங்கும் முன்னரே 'ஷோ வேரியபிள்ஸ்' கட்டளையால் எழுத்துமுறையைப் பார்த்து, யூடிஎஃப்8எம்பி4 என்று அமைத்துக்கொள்ள வேண்டும். மைசீக்வலில் 2018-இல் வந்த 8.0 பதிப்பு முதல் இதுவே இயல்பு. இதன் கடைசி எண்ணான 4 ஒரு குறியீட்டுக்கு நான்கு பைட்டுகள் வரை இடமளிப்பதைக் குறிக்கும். மா, காணி, முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்கு நான்கு பைட்டுகள் தேவை.

நடுவில் கேட்டால் நேரம் மிச்சம்

ஐந்து நிலையங்களையும் ஒவ்வொரு முறையும் வரிசையாகக் கேட்க வேண்டுமென்பதில்லை. நடுவில் கேட்டால் பாதி வேலை குறையும். 'சுடோ மரியாடிபி' என்று ஒரே முறை தட்டிப் பாருங்கள். உள்ளே சென்றுவிட்டால், நிறுவுதலும் எழுச்சியும் சரியே. இனித் துறையையும் பயனர் அனுமதியையும் எழுத்துமுறையையும் மட்டும் பார்த்தால் போதும். 2002 வந்தால் முதல் இரண்டு நிலையங்களுக்குத் திரும்பலாம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுக. நான்கை ஒருங்கே மாற்றினால் எது மருந்து, எது நஞ்சு என்று தெரியாமற் போகும்.

நகல் இல்லாத பதிவு நிலைக்காது

தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்தன என்றும், இராசராச சோழன் நம்பியாண்டார் நம்பியுடன் சென்று அதனைத் திறப்பித்தபோது பெரும்பகுதி செல்லரித்திருந்தது என்றும் மரபு கூறும். பூட்டு இருந்தது, நகல் இல்லை. பின்னாளில் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் 1927 வரை முதல்வராயிருந்த உ. வே. சாமிநாதையர், ஊர் ஊராகப் பிரதிகள் தேடி ஒப்பிட்டே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஒன்றிற்கு மேற்பட்ட பிரதி இருந்தமையால் அன்றோ ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்ப முடிந்தது!

நம் கடலூர்க் கரைக்கு இப்பாடம் மிகவும் வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2015-இல் பெருவெள்ளம் புகுந்தது. அந்த வெள்ளத்திற்குப் பின், இழந்த சான்றிதழ்களுக்கு மாற்று வழங்கச் சிறப்பு முகாம்கள் நடந்தன. வீட்டுப் பெட்டியிலிருந்த தாள் நனைந்தாலும், அதன் பதிவு வேறோரிடத்தில் உலர்ந்திருந்ததால்தான் மாற்றுத் தர முடிந்தது. பதிவு காப்பது ஒரு பெண்ணின் மேற்படிப்பைக் காப்பதாகும்.

'மரியாடிபி-டம்ப்' என்னும் கட்டளை தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பாக எழுதித் தரும். அதனை அதே கணினியில் வைத்தால் பயனில்லை. வேறு கட்டடத்திலோ வேறு ஊரிலோ வைக்க வேண்டும். நகலை வேறொரு கணினியில் ஏற்றி, சில பதிவுகளைப் படித்தும் பார்க்க வேண்டும். திறந்து பாராத நகலை நகல் என்று நம்புதல் தகாது.

பயிற்சி

1. கடலூர் என்ற சொல்லில் எத்தனை குறியீடுகள், எத்தனை பைட்டுகள்? எண்ணிப் பார்க்க. (விடை: 6, 18)
2. பிழை 2002-க்கும் 1045-க்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கைக்கு விளங்குமாறு கூறுக.
3. நம் நூலகப் பட்டியலின் நகலை எங்கே வைக்கலாம்? காரணம் தருக.

மாணவியரே, மேல்நிலை வகுப்பில் தரவுத்தளத்தைப் பாடமாகப் படிக்கும் நீங்கள், கட்டளையை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட வேண்டாம். கருந்திரையில் வரும் பிழைச் செய்தி நம்மைக் கடிந்துகொள்வதற்காக வருவதன்று. வழி சொல்ல வருவது. அதனைக் கடைசி எழுத்துவரை படிக்கும் பொறுமையும், ஒவ்வொரு படியாகச் சோதிக்கும் ஒழுங்கும் வாய்க்கப் பெற்றால், எந்தப் பழுதும் நம் கைக்கு அகப்படும். முயல்வோம்!