படி இறங்கும் அஸ்திவாரம்

திருமறையின் தவ்பா அத்தியாயம் 109-ஆம் வசனத்தில், அரிக்கப்பட்டுச் சரியும் கரையின் விளிம்பில் கட்டடம் எழுப்பியவனின் நிலையை அல்லாஹு தஆலா உவமையாகக் காட்டுகின்றான். அவ்வசனம் உள்ளத்தின் அஸ்திவாரத்தைப் பற்றியது. எனினும் அவ்வுவமை மண்ணிலும் மெய் என்பதைப் பேராக்கில் வாழும் நாம் கண்ணாரக் காண்கின்றோம். தெலுக் இந்தானில் 1885-இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு சாய்ந்தே நிற்கின்றது. அடியில் மெத்தென்ற மண், உச்சியில் தண்ணீர்த் தொட்டியின் பாரம். கட்டியவர்களின் கைத்திறனில் குறையில்லை; தாங்கிய நிலம் சமமாகத் தாங்கவில்லை.

பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ மண்டபம் எழுப்ப விரும்பும் ஜமாஅத்தார், இன்று சம நிலம் கிடைக்காமல் பழைய தோட்டத்து மேடுகளிலும் ஈய லம்ப நிலங்களிலும் இடம் தேட வேண்டியிருக்கின்றது. ஆகவே படித் தெப்ப அஸ்திவாரம் என்பதைப் பற்றி இவ்விதழில் சிறிது படிப்போம்.

தெப்ப அஸ்திவாரம் என்பது யாது? தூணுக்குத் தூண் தனித்தனி அடிமானம் போடாமல், கட்டடத்தின் அடி முழுவதும் ஒரே காங்கிரீட் தளமாக வார்ப்பதாகும். தெப்பம் நீரின்மேல் பாரத்தைப் பரப்புவதுபோல் இது மண்ணின்மேல் பாரத்தைப் பரப்பும். நிலம் சரிவாயிருந்தால் அத்தளத்தை ஒரே மட்டத்தில் போடாமல், ஓரிடத்தில் ஒரு படி இறக்கி, மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் ஒரு குட்டைச் சுவரால் பிணைப்பார்கள். இதனால் மண் வெட்டும் வேலையும் நிரப்பும் வேலையும் குறையும்.

செலவு குறைகின்றது, ஆனால் தொல்லை அந்தப் படியிலேதான் குடியிருக்கின்றது. ஏனெனில் மட்டம் மாறுமிடத்தில் பெரும்பாலும் மண்ணும் மாறுகின்றது. பால்மரம் நின்ற மேட்டில் ஒரு பக்கம் வெட்டிய கெட்டி மண்; மறு பக்கம் கொட்டி நிரப்பிய மண். கிந்தாப் பள்ளத்தாக்கிலோ இன்னும் சிக்கல். ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் பாறையே பள்ளத்தாக்கின் மண்ணுக்கு அடியிலும் கிடக்கின்றது. நீர் அதைக் கரைத்துக் கூம்புகளும் குழிகளும் பொந்துகளுமாய் ஆக்கியிருக்கின்றது. அதன்மேல் லம்பங்கள் விட்டுச்சென்ற மணல் ஓரிடத்தில், சேற்றுக்களி வேறோரிடத்தில்.

பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் நிற்கும் நிலைக்குப் பெரியவர்களும் அஞ்சினார்கள். கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடத்தில் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக இறங்குவது தெரிந்தவுடன், கோபுரங்களையே ஏறக்குறைய 60 மீட்டர் நகர்த்தினார்கள். 4.5 மீட்டர் கனமுள்ள தெப்பமும் அதன்கீழ் ஆழமான காங்கிரீட் தூண்களும் அதன் பிறகே அமைந்தன.

இதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம். இவை பாடத்திற்கான எண்களே. தளத்தின் பாரம் சதுர மீட்டருக்கு 50 கிலோநியூட்டன் என்க. கெட்டி மண் ஒரு மீட்டர் அமுங்கச் சதுர மீட்டருக்கு 10,000 கிலோநியூட்டன் வேண்டுமானால், அமுக்கம் 5 மில்லிமீட்டர். நிரப்பிய மண்ணுக்கு 2,000 போதுமானால், அமுக்கம் 25 மில்லிமீட்டர். வேறுபாடு 20 மில்லிமீட்டர். இவ்வேறுபாடு 10 மீட்டர் தூரத்தில் நிகழ்ந்தால் சாய்வு 500-இல் 1. 3 மீட்டரில் நிகழ்ந்தால் 150-இல் 1. ஸ்கெம்ப்டன், மக்டொனால்ட் என்னும் இருவர் 1956-இல் பல கட்டடங்களை ஆராய்ந்து, 300-இல் 1 ஆனால் சுவர் வெடிக்கும் என்றும், 150-இல் 1 ஆனால் தூணும் உத்தரமுமே பழுதாகக்கூடும் என்றும் கண்டார்கள். ஆகவே கேடு செய்வது அமுக்கம் மட்டுமன்று. அமுக்கம் மாறுகின்ற வேகம். படி அந்த மாற்றத்தை ஒரு கோட்டில் குவிக்கின்றது.

இனி எஞ்சினீயர் கணினியில் செய்யும் மாதிரியைப் பார்ப்போம். மண்ணைச் சுருள்வில்களாகக் கொள்ளும் வழக்கம் 1867-இல் விங்க்லர் என்பவரோடு தொடங்கிற்று. சிறு தகட்டை அழுத்திப் பெற்ற எண்ணைப் பெரிய தளத்துக்கு அப்படியே போடலாகாது, குறைத்தே போடவேண்டும் என்று டெர்ஸாகி 1955-இல் விளக்கினார். படித் தெப்பத்தில் மேலும் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது: இரு தளங்களையும் அவற்றின் மெய்யான மட்டங்களில் வைத்து, இடையே படிச் சுவரையும் ஓர் உறுப்பாக வரைய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வரைந்தால், படி ஒன்று இருப்பதே கணினிக்குத் தெரியாது; அங்கு எழும் வளைவும் இழுப்பும் விடையில் வரா.

இரண்டாவது: சுருள்வில் தள்ள மட்டுமே வேண்டும், இழுக்கக் கூடாது. மண் கட்டடத்தைப் பிடித்து இழுப்பதில்லை.

மூன்றாவது: மண்ணின் எண்ணைப் பாதியாக்கி ஒரு தரமும் இரட்டிப்பாக்கி ஒரு தரமும் கணக்கிட வேண்டும். மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் வெவ்வேறு எண் கொடுத்தும் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு நிலமாயின், உதாரணமாக 2 மீட்டர் வட்டத்தில் சுருள்வில்களை நீக்கி, அங்கே பொந்து விழுந்தால் தளம் பாலமாக நிற்குமா என்று நடுவிலும் மூலையிலும் படியின் அடியிலும் சோதிக்க வேண்டும்.

நான்காவது: சுருள்வில்கள் தாங்கும் மொத்தமும் கட்டடத்தின் மொத்தப் பாரமும் ஒன்றாய் வருகின்றனவா என்று கையால் கூட்டிப் பார்க்க வேண்டும். பல தவறுகள் இந்த எளிய கூட்டலிலேயே அகப்பட்டுவிடும்.

தாளில் சரியாயிருந்தாலும் கட்டுமிடத்தில் இரு பிழைகள் நேர்வதுண்டு. ஒன்று கம்பியில். படியின் உள்மூலையில் கம்பியை வளைத்துத் திருப்பிவிட்டால், இழுப்பு வரும்போது அது நிமிரப் பார்த்து மூலைக் காங்கிரீட்டைப் பெயர்த்துவிடும். கம்பிகள் மூலையைக் கடந்து நேராகச் சென்று அப்பால் நங்கூரமாக வேண்டும். மற்றொன்று மண்ணில். படிச் சுவரின் பலகை அடைப்புக்காகத் தோண்டிய இடத்தில் இளகிய மண்ணைத் தள்ளி மூடிவிட்டால், மேல்தளத்தின் ஓரம் அந்தரத்தில் தொங்கும். அங்கே அடுக்கடுக்காக இறுக்கிய மண்ணோ, மெலிந்த கலவைக் காங்கிரீட்டோ நிரப்பவேண்டும். மேட்டிலிருந்து வரும் நீர் சுவருக்குப் பின்னால் தேங்காமல் வடிகாலும் வேண்டும்.

இவ்வளவும் எஞ்சினீயரின் வேலை. நமது வேலை கேட்பது. நிர்வாகத்தார் கையெழுத்திடுமுன் இவற்றைக் கேட்கட்டும்: மண் ஆய்வுத் துளைகள் படியின் இரு பக்கமும் போடப்பட்டனவா? மேக்கின்டோஷ் கம்பி கல்லில் தட்டி நின்றதோடு முடிந்ததா, அல்லது பாறைக்குள்ளும் துளையிட்டுப் பொந்து தேடினார்களா? படிச் சுவர் கணக்கில் உறுப்பாக இருக்கின்றதா? படியின் பின்புற மண்ணை இறுக்கும்போது யார் நின்று பார்ப்பார்? நிலம் முழுவதும் சரிந்துவிடாது என்பதைத் தனியே சோதித்தார்களா?

மண் ஆய்வுக்குச் செலவிடத் தயங்கும் அன்பர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். மண்டப நிதியில் விழும் காசு, சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொழிலாளியின் காசு. கடைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த வியாபாரியின் காசு. அது நம்மிடம் அமானிதம். பளிங்குக்கும் மினாராவுக்கும் தாராளமாய்க் கொடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மண்ணில் கஞ்சத்தனம் செய்வது அமானிதத்தைப் பேணுவதாகாது. நமது பிள்ளைகள் ஓதப் போகும் தளம் அது. மேடும் பள்ளமும் சேருமிடத்தை முதலில் பார்ப்போம். எஞ்சியவற்றை இன்ஷா அல்லாஹ் அதன்மேல் கட்டுவோம்.