சங்கம் ஓரிடத்தில் பெருகி ஓரிடத்தில் மெலிவதேன்?



மே முதல் தேதி, தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள் பூசை முடிந்து வெளியே வருகையில் உப்பளத்தில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் கேட்டார்: "சாமி, சுவீடனில் பத்துப் பேரில் ஆறேழு பேர் தொழிற்சங்கத்தில் இருக்கிறார்களாம்; அமெரிக்காவில் ஒருவர்தானாம். அமெரிக்காக்காரனுக்கு இது தெரியாதா?"

தெரியாமல் இல்லை. 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தமது நிருபத்தில், சங்கம் சேர்வது தொழிலாளியின் இயற்கை உரிமை என்று போதித்தார். உரிமை எங்கும் ஒன்றே. அதைக் கையாளும் வசதிதான் நாட்டுக்கு நாடு வேறு.

சுவீடனில் வேலையிழந்தோருக்கான உதவி நிதிகளை வெகுகாலமாய்த் தொழிற்சங்கங்களைச் சார்ந்தவர்களே நடத்தி வருகிறார்கள். நாளைக்கு வேலை போனால் என்ன செய்வது என்று அஞ்சுகிறவன் இன்றைக்கே சங்கத்தில் சேருகிறான். 2007-ல் அந்த நிதிக்குரிய சந்தா உயர்ந்ததும் ஏராளமானோர் விலகினார்கள். அமெரிக்காவிலோ, பெரும்பாலும் அந்தந்தத் தொழிற்சாலையில் ஓட்டெடுத்து ஜெயித்தால்தான் சங்கத்துக்கு இடம். 1950-களில் அங்கும் ஏறக்குறைய மூவரில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். பிரான்சில் சங்கத்தார் வெகு சொற்பம். ஆனால் சங்கம் செய்யும் ஒப்பந்தம் சேராதவருக்கும் செல்லும். சந்தா கட்டாமலே கூலி உயர்ந்தால் யார் கட்டுவார்?

தூரதேசம் போவானேன்? நமது ஜில்லாவின் பாட்டன்மார் கங்காணியின் பின்னே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே தலைமன்னாருக்கு அனுப்பினார்கள். முன்பணம் கொடுத்தவன் கங்காணி. அவனிடம் கடன்பட்டவன் அவனை மீறிச் சங்கம் சேருவதெங்கே? கடனை எழுதிக் கட்டிப்போட்ட 'துண்டு' முறை 1921-ல் ஒழிந்தது. 1931-ல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார். 1948-ல் வந்த சட்டம் மிகப் பெரும்பாலோரின் பிரஜா உரிமையைப் பறித்தது. ஓட்டில்லாத ஜனங்களுக்குச் சங்கமே வாயாயிற்று. ஒரே லயத்தில் குடியிருப்பு, ஒரே துரை. சந்தாவையும் தோட்ட ஆபீசிலேயே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் வழக்கம். இப்படிப்பட்ட இடத்தில் சங்கம் பெருகாமல் என்ன செய்யும்? பின்பு 1964-ம் வருஷத்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அத்தனை பேரையும் அங்குள்ள சங்கங்கள் இழந்தன. இவர்கள் ஒருவரும் சங்கத்தின் மேல் மனம் கசந்து விலகினவர்களல்ல.

சென்னையில் 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக பி. பி. வாடியா, திரு. வி. க., செல்வபதி செட்டியார் முதலானோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். நிர்வாகம் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு வாடியாவுக்குத் தடையுத்தரவு வாங்கிற்று. 1921 வேலைநிறுத்தத்திலோ சாதிப் பிளவு புகுந்தது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, வேலைநிறுத்தம் முறிந்தது. முதலாளியால் ஆகாததைச் சாதி செய்து முடித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1926-ம் வருஷத்துச் சட்டம் சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம் என்றும் அது சொன்னதால், பின்னாளில் ஒரே ஆலைக்குள் கட்சிக்கொரு சங்கம் முளைத்தது.

இனி நம் கடலாடிப் பக்கம். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு நிறுவனம் என்ற ஒரே எஜமான். கேட்க ஓர் இடம் உண்டு. பனையேறி யாரிடம் கூலி உயர்வு கேட்பார்? பிடித்த மீனில் பங்கு வாங்கும் கடல் தொழிலாளி, படகுக்காரர் மேல் கொடி பிடித்தால் அவர் பெரும்பாலும் சொந்த மாமனாகவே இருப்பார்! ஆயினும் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்து, அதன்பின் நல வாரியங்கள் ஏற்பட்டபோது, மனு எழுதி, பதிவு செய்து, உதவிப் பணம் வாங்கித்தரும் சங்கங்களில் இப்படிப்பட்டவர்களும் சேர்ந்தார்கள். சுவீடன்காரர் சேருவதும் இதே காரணத்தால்தான் என்று அந்த வாலிபரிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே போனார்.